ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைக்காதீர்கள்: நர்சிங் சூப்பரின்டென்டென்ட்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நர்சிங் பொறுப்பில் இருக்கும் மேடங்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள். இந்த மடலை உங்கள் நிர்வாகத்துக்கோ ஹெச்.ஆருக்கோ எழுதியிருக்கலாம். ஆனால் அவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு நரம்பு தேடி ஊசி குத்தியவர்கள் இல்லை. நீங்கள் குத்தியவர்கள். அதனால்தான் உங்களுக்கு.

கடைசி வருடத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். "மேம், வேலை கிடைச்சிருக்கு. ஆனா எனக்குப் பிடிக்கல. போகட்டுமா, வேண்டாமா?" லேபர் வார்டு கேட்டவளுக்கு டயாலிசிஸ் கிடைத்திருக்கும். ஐ.சி.யு. கேட்ட பையனை ஓ.பி.யில் டோக்கன் கூப்பிடப் போட்டிருப்பார்கள். வீடு தென்காசியில், வேலை சென்னையில் என்று இன்னொருத்தி. (உங்கள் விண்ணப்பத்தில் 'விரும்பும் பிரிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை யாராவது படிக்கிறீர்களா? எல்லாரும் ஐ.சி.யு. என்றுதான் எழுதுகிறார்கள். நீங்களும் எல்லாரையும் ஆள் இல்லாத இடத்தில்தான் போடுகிறீர்கள்.)

பிடிக்காத வார்டு என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், நான் யோசிக்காமல் "போ" என்று சொல்லிவிடுவேன். டயாலிசிஸ் என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகளிடம் அங்கே என்ன கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) போட்ட கைமேல் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அது தெரியவில்லை என்றால் ஊசியைக் கையிலேயே எடுக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். நோயாளியின் எடையைப் பார்த்து, போன முறையிலிருந்து எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். அவசரப்பட்டு அதிகமாக இழுத்தால் பி.பி. இறங்கும், நோயாளி கொட்டாவி விடுவார், கால் பிடித்து இழுக்கிறது என்பார். மிஷின் அலறுவதற்கு முன்னாலேயே அந்தக் கொட்டாவியைக் கவனிக்கிற நர்ஸ் எந்த வார்டுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வாள். ஆறு மாதம் வேலை செய்தால் இதெல்லாம் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளட்டும்.

வீட்டில் பெற்றோர் வேறு யோசனை சொல்வார்கள்: அரசு வேலைக்குப் படி, அதுவரை சும்மா இரு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 2017இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் எடுத்தவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வு எழுதலாம் என்றால், டிப்ளமோ படித்தவர்களிடம் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். வளைகுடா வேலைக்கும் பெரும்பாலும் இரண்டு வருடம். படிப்புக் கடன் வாங்கியவர்களுக்கு, படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். ஆக, பிடிக்காத முதல் வேலையும் வேலைதான், அதற்கும் மதிப்பு இருக்கிறது. இதுவரை நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன், கவனியுங்கள்.

அப்புறம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரிஜினல் கேட்கிறாங்களா?" ஆமாம் என்று பதில் வந்தால், அதுவரை சொன்ன அத்தனையும் வீண். ஆறு மாதம் பார், பிடிக்கவில்லை என்றால் மாறு என்று அதற்கு மேல் எந்த வாயால் சொல்வது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை உங்கள் ஹெச்.ஆர். அலமாரியில் இருக்கும். இரண்டு வருட பாண்ட், உடைத்தால் லட்சக்கணக்கில் கட்டு என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு என்று கூப்பிட்டால் ஒரிஜினல் வேண்டும். வெளிநாடு போகச் சான்றொப்பம் வாங்க ஒரிஜினல் வேண்டும். ஒருநாள் கொடுங்கள், காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று உங்கள் அலுவலக வாசலில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வேலையை விட்ட பிறகும் பிடி விடுவதில்லை. வளைகுடா லைசென்ஸுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்பு வரும். இவர் இங்கே வேலை செய்தாரா என்று மருத்துவமனைக்கு மெயில் போகும். அதற்குப் பதில் போடாமல் விட்டாலே போதும், அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அப்படியே நிற்கும். கோபித்துக்கொண்டு போனவளைப் பழிவாங்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு சில இடங்களில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. புதிதாக வந்த பிள்ளைக்கு மூன்று மாதம் சீனியர் ஒருத்தியைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கற்றுக்கொடுத்து, தனியாக நைட் பார்க்கலாம் என்று நம்பிக்கை வரும் நேரத்தில் அவள் "மேடம், விசா வந்துடுச்சு" என்பாள். அடுத்த மாத டூட்டி ரோஸ்டரை நீங்கள்தான் ரப்பர் வைத்து அழித்து அழித்துப் போட வேண்டும். இருக்கிறவர்களுக்கு டபுள் டூட்டி. சரி. ஆனால் அவள் ஏன் ஓடுகிறாள்? ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பொது வார்டில் ஐந்து, ஆறு பேருக்கு ஒருவர். நைட் டூட்டியில் உங்கள் வார்டில் ஒருத்திக்கு எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறு மணி ஆன்டிபயாடிக்கை ஐந்துக்கே கலக்கத் தொடங்கினாலும் கடைசிப் படுக்கைக்கு வரும்போது ஏழாகிவிடும். சார்ட்டில் மட்டும் எல்லாருக்கும் ஆறு மணி என்று இருக்கும்.

சம்பளமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு போட்ட குழு என்ன பரிந்துரைத்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளம் போராடிப் போராடி 2018இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 20,000 ஆக்கிக்கொண்டது. இங்கே என் மாணவிகள் கொண்டுவந்து காட்டும் ஆஃபர் லெட்டர்களில் ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தது போக மிஞ்சுவதைப் பார்த்தால் எனக்கே பேச்சு வரவில்லை. சம்பளத்தை உங்களால் ஏற்ற முடியாது, அது முதலாளி கையில். ஒப்புக்கொள்கிறேன்.

சான்றிதழ் விஷயம் அப்படி இல்லை. அதை வாங்கி வைப்பதால் யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. 2012இல் சென்னையில் தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. பாண்டில் எத்தனை லட்சம் எழுதியிருந்தாலும், 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது. இது தெரிந்துதான் பல இடங்களில் நீதிமன்றம் போகாமல் சான்றிதழைப் பிடித்து வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களுக்குத்தான் நஷ்டமும். வேறு வழி உள்ள பிள்ளை ஒரிஜினல் என்ற சொல்லைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுகிறாள். கடன் கழுத்தை நெரிக்கிறவள் மட்டும் கையெழுத்துப் போடுகிறாள். பிடிக்காத வார்டில், போகவும் முடியாமல், நாளை எண்ணிக்கொண்டு நிற்கிறவளை வைத்து நீங்கள் நைட் ஓட்டுகிறீர்கள். வாரம் ஒருமுறை அவள் போடும் சிக் லீவைப் பார்த்தும் இது உங்களுக்குப் புரியவில்லையா?

ஒரிஜினலைப் பாருங்கள், சரிபாருங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பதிவு எண்ணைக் கவுன்சிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திடீரென்று போய்விடுவாளோ என்று பயமாக இருந்தால் நோட்டீஸ் பீரியடை ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் என்று போடுங்கள், நானே பிள்ளைகளிடம் நியாயம்தான் என்று சொல்கிறேன். பிடிக்காத வார்டில் ஆறு மாதம் நின்றவளுக்கு அடுத்த சுற்றில் கேட்ட வார்டு கொடுங்கள். முறையாகச் சொல்லிவிட்டுப் போகிறவளுக்குக் கடைசி நாளன்றே ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் போய்ச் சேரட்டும்.

அடுத்த கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும்போது ஒரே ஒரு தாள் கொண்டுவாருங்கள்: எந்த வார்டு, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, நைட்டில் ஒருத்திக்கு எத்தனை நோயாளி, ஒரிஜினல் கேட்பீர்களா இல்லையா. தேதி போட்டு, உங்கள் கையெழுத்தோடு. வகுப்பில் அதை நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் ஆசிரியை