இ.எஃப். 62 சரிதான், ஆனால் உப்பு?

அன்புள்ள சேது,

உன் இதய ஸ்கேனின் எக்கோ ரிப்போர்ட் பார்த்தேன். "இ.எஃப். 62 சதவீதம், நார்மல்தானே?" என்று கேட்டிருக்கிறாய். நார்மல்தான். ஆனால் அது இதயம் சுருங்கி எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை மட்டுமே சொல்லும். அதற்குக் கீழே இருக்கும் வரிகளைப் படி. இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர். ஆண்களுக்கு 10 வரைதான் சரி. சுருங்குவதில் குறையில்லை, சுருங்கிய தசை தளர மறுக்கிறது.

இதில் உப்பின் வேலை சிறுநீரகத்தில் தொடங்குகிறது. வயது ஏற ஏற அதன் வடிகட்டிகள் குறைகின்றன. அதே உப்பை வெளியே தள்ள அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கிறது, பி.பி. ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித்தான் இதயச் சுவர் தடிக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறுவதில்லை. லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் எலிகளை இரண்டு வம்சமாகப் பிரித்து வளர்த்தார். ஒரே உப்புத் தீனியில் ஒன்றுக்கு பி.பி. எகிறியது, மற்றதற்குப் பெரிதாக அசையவில்லை.

கூடவே, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியும் இறுகிவிடுகிறது. அதனால் மேல் அளவு ஏறி, கீழ் அளவு இறங்கும். உன் 164/72 அதுதான். 72 என்று மகிழாதே. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளரும் நேரத்தில்தான் போகிறது, அப்போது தள்ளிவிடுவது அந்தக் கீழ் அளவு. சுவர் தடித்தால் தேவை கூடும், தள்ளும் விசையோ குறைகிறது. விரியாத அறைக்குள் ரத்தத்தை இறக்கப் போராடி மேலறை வீங்கும். துடிப்பு தாறுமாறானால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம்.

சரி, உப்புக் கணக்கு. ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஸ்பூனால் அளந்து யாரும் சமைப்பதில்லை. பாக்கெட் பிரிக்கும்போது அதன் மேல் தேதி எழுதச் சொல் தங்கச்சியிடம். நீங்கள் இரண்டே பேர். ஒரு கிலோ 100 நாள் வர வேண்டும். 50 நாளில் தீர்ந்தால் ஆளுக்குப் பத்து கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இதற்கு மேல். இந்துப்பு என்று விலை கொடுத்து வாங்காதே, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

சோடியம் குறைத்த உப்பைப் பற்றிக் கேட்டாயே, அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு நல்லது. ஆனால் நீ டெல்மிசார்டான் சாப்பிடுகிறாய், அந்த பி.பி. மாத்திரை பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் வேறு 1.6, அது கூடுதல். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே சிக்கலாகும், எனவே உனக்கு வேண்டாம். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவதையும் டாக்டரிடம் சொல். அது உப்பைப் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார். பிறகு எழுந்து நின்று ஒரு தடவை. நின்றதும் மேல் அளவு 20 இறங்கினால், மாத்திரையைக் கூட்டும் முன் டாக்டருக்கு அது தெரிய வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதே.

நாக்கு பழக நாலைந்து வாரமாகும். பாக்கெட் தேதியையும் நின்று பார்த்த அளவையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
மூர்த்தி