மேற்கு ஜன்னலில் கள்ளிமுளையான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ எனக்கு மட்டும் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடித்தண்டு கருத்திருப்பது அழுகல்தான், சந்தேகமே இல்லை. நுனி சுருங்கியிருப்பதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் விட்டிருப்பாய். இலையில்லாமல் சதைத்தண்டாகவே நிற்கும் கள்ளிமுளையானில் எல்லோரும் ஏமாறும் இடம் அது. மண் காய்ந்து கிடந்து தண்டு சுருங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் சுருங்கினால் வேர் போய்விட்டது, உறிஞ்ச ஆள் இல்லை. ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்துப் பார். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? உங்கள் பால்கனி கிழக்கு. பால் காய்ச்ச வந்தபோது அங்கே நின்றுதான் நானும் அம்மாவும் காபி குடித்தோம், கண் கூசியது. இந்தப் போட்டோ சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தது, வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது. ஜன்னல் கம்பியும் பச்சையாக இருக்கிறது. சரி, வீட்டுக்காரர் பெயின்ட் மாற்றியிருக்கலாம். சூரியனை மாற்ற முடியாதே.

செடிக்காகத்தான் கேட்கிறேன். காட்டில் இது மொட்டை வெயிலில் தனியாக நிற்பது குறைவு. முள்ளுப் புதரின் தூரில், கல் இடுக்கில்தான் அதிகம் பார்க்கலாம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் பட்டால் போதும், மிச்ச நேரம் வெளிச்சம் இருந்தால் சரி. மேற்கு வெயிலில் தண்டு செம்பழுப்பாக மாறும். அது நோய் இல்லை, பயப்படாதே. ஆனால் மார்ச்சுக்கு மேல் அந்த ஜன்னலில் ஒரு மெல்லிய துணியாவது கட்ட வேண்டிவரும். வடக்கு ஜன்னல் என்றால் வேறு பிரச்சினை, வெளிச்சம் போதாமல் தண்டு வெளிறி, மெலிந்து, நீண்டு சாயும். அதனால்தான் திசையைச் சொல் என்கிறேன்.

இனி வைத்தியம். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, கருப்பு முடிந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வெட்டு. வெட்டிய முகத்தில் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் மேலே வெட்டு. முழுக்க வெளிர் பச்சையாகத் தெரியும்வரை நிறுத்தாதே. பாவம் பார்த்துக் கொஞ்சம் விட்டுவைத்தால் அந்தக் கொஞ்சம் மற்றதையும் கொண்டுபோய்விடும். வெட்டுவதற்கு யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே. அத்தை திரும்பி வந்தபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு இந்த வீட்டில் இனி யாரும் பேசப்போவதில்லை. அம்மாவும்தான்.

வெட்டிய துண்டுகளை நியூஸ்பேப்பர் மேல் நிழலில் நான்கைந்து நாள் போட்டுவை. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரத்தோடு நட்டால் மறுபடியும் அழுகும். வெட்டும்போது கசிவது தெளிந்த நீராக இருக்கும். பால் வந்தால் அது கள்ளி, நம் செடி இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போட்டோவின் ஓரத்தில் இன்னொரு தொட்டி தெரிகிறது, நாலு பட்டையாக, முள்ளோடு. யார் வைத்தது? அது கள்ளி ஜாதி மாதிரி இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அந்தக் கையோடு கண்ணைக் கசக்காதே.

மண்தான் உன் தொட்டியில் தப்பு. நர்சரியில் நிரப்பிக் கொடுக்கும் தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரோஜாவுக்கு ஆகும், இதற்கு ஆகாது. பாதிக்கு மேல் சரளையும் உடைத்த செங்கல் ஜல்லியும், மிச்சம் செம்மண், ஒரு கைப்பிடி மக்கிய எரு. தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக, ஓட்டையோடு, மண்தொட்டியாக இருக்கட்டும். பீங்கான் வேண்டாம். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீரே விடாதே. அப்புறம் மண் முழுக்கக் காய்ந்த பிறகு நன்றாக ஊற்று, வடியவிடு, மறந்துவிடு. டிசம்பர், ஜனவரியில் புனே இரவுகள் நம் ஊரைவிட நன்றாகவே குளிரும். அந்த இரண்டு மாதமும் செடியை உள்ளே தள்ளி வை, மாதம் ஒரு முறை தண்ணீர் காட்டினால் அதிகம். தண்டுக்குத் தண்டு ஒட்டும் இடத்தில் வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடை. தண்ணீர்தான் முக்கியம், மறுபடியும் சொல்கிறேன், அதிகம் விடாதே.

இந்த மாதிரிச் செடிகள் பகலில் இலைத்துளைகளை, இதற்கு இலை ஏது, தண்டின் துளைகளை மூடிக்கொண்டு இருக்கும். ராத்திரியில்தான் திறந்து காற்று வாங்கும். வெயிலில் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் போய்விடும். நீயும் ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் இருப்பதாகக் காட்டுகிறது. செடிக்கு அது சரி. நீ தூங்கு.

இங்கே ஐப்பசி மழைக்கு நம் தொட்டியில் பூத்திருக்கிறது. நுனித்தண்டு மெலிந்து போய், அதில் பூக்கள் சின்னச் சின்னதாக, கருஞ்சிவப்பில் மஞ்சள் வரியோடு தொங்குகின்றன. ஈ வந்து உட்கார்கிறது, தேனீ எட்டிப் பார்ப்பதில்லை. இவனுடைய தடித்த சொந்தக்காரன் ஒன்று உண்டே, நுனியில் பந்து போலப் பூத்து நாறுமே, அதை அம்மா இன்னும் வீட்டுக்குள் விடவில்லை. காய் பிடித்தால் இரட்டையாக, கொம்பு மாதிரி நிற்கும். வெடித்தால் பஞ்சு. எருக்கும் நன்னாரியும் இதே குடும்பம்தான். தாத்தாப் பூச்சி என்று நீ துரத்திய பஞ்சுதான் இதிலும்.

மொட்டைப்பாறைக்குப் போயிருந்தேன். பாதிக்கு மேல் பிளாட் போட்டுவிட்டார்கள், கல் ஊன்றி வண்ணக்கொடி கட்டியிருக்கிறது. புதரோடு சேர்த்து எல்லாம் போய்விட்டது. கிழக்குச் சரிவில் மட்டும் நம் செடி கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு இருந்தாலும் தூரோடு பிடுங்கக்கூடாது, கிளையைத்தான் ஒடிக்க வேண்டும். உனக்குத் தெரியும். வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1795-இல் சோழமண்டலக் கரைச் செடிகளைப் படத்தோடு வெளியிட்டபோது இதையும் சேர்த்திருக்கிறார். நம் ஆட்கள் பிளாட்டுக்கு வைக்கும் பெயரில்கூட இதைச் சேர்க்க மாட்டார்கள்.

ஆடு மேய்க்கிறவர்கள் இதை ஒடித்து, பட்டை நாரை உரித்துவிட்டு, உப்புத் தொட்டு மென்றுகொண்டே மத்தியானத்தை ஓட்டிவிடுவார்கள். பசியும் தாகமும் தெரியாது. இப்போது அதையே சாறு எடுத்து, உடம்பு இளைக்க மாத்திரை என்று விற்கிறார்கள். போட்டோவில் தொட்டியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தேன், வளையல் முழங்கைவரை ஏறும்போல இருக்கிறது. ஒருவேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது வேண்டாம். துவையல் அரைத்துத்தான் தின்பேன் என்றால் தின்னு, ஆனால் சோற்றோடு தின்னு. புளியும் வற்றலும் வைத்து வதக்க வேண்டும், உனக்குக் கைப்பக்குவம் வரும். ஆனால் ஒருத்திக்காக அரைப்பது அலுப்பு என்பாய். ஒருத்திக்கு என்றாலும் அடுப்பு மூட்டு.

ஹாஸ்டலுக்கு நீ கொண்டுபோன ஒற்றைக் கிளை இத்தனை ஊர் மாறி இத்தனை வருடம் வந்திருக்கிறது. நர்சரிக்காரரிடம் சொன்னேன், அவருக்கே ஆச்சரியம். செடி வாடினால் உடனே போட்டோ எடுத்து அப்பாவிடம் கேட்கத் தெரிகிறது. மற்றதற்கெல்லாம் "வேலை அதிகம்ப்பா" தான். ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுபோயிற்று. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. அந்துருண்டை போட்டுவைத்திருக்கிறேன், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அம்மாவிடம் போட்டோவைக் காட்டவில்லை. அவள் செடியைப் பார்க்க மாட்டாள், ஜன்னலைத்தான் பார்ப்பாள். முட்டிவலி தேவலை. மூன்றாம் வீட்டுக் கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. வேறு விசேஷம் இல்லை.

நீ வெட்டிப் பார்த்து ஒன்றும் தேறவில்லை என்றால் கவலைப்படாதே. கிழக்குச் சரிவிலிருந்து நாலைந்து கிளை ஒடித்துவந்து நிழலில் காயப்போட்டிருக்கிறேன். பேப்பரில் சுற்றி, செருப்பு டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பிளாஸ்டிக்கில் மட்டும் மூடக்கூடாது. இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன். டப்பாவை ஆபீசுக்கு அனுப்ப முடியாது, மேஜை மேல் கிடந்து வீணாகும். வீட்டு முகவரியை எழுது. கதவு எண், மாடி, பின்கோடு எல்லாம் சரியாக இருக்கட்டும். பார்சலில் நசுங்கும் என்று தோன்றினால் நானே கொண்டுவருகிறேன். திருநெல்வேலியில் மும்பை ரயில் ஏறினால் புனேயில் இறங்கிக்கொள்ளலாம். அம்மாவைக் கூட்டிவரவா, நான் மட்டும் வரவா என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அப்பா