தாள் நனைய நீர் சுமந்தவர்களுக்கு

புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளிலும் கோயில் திருச்சுற்றுகளிலும் எங்கள் கல்வெட்டுப் பதிவு வேலைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கோடைக்கான கள வேலை முடிந்தது. கல்லெழுத்தைத் தாளில் ஒற்றி எடுத்த படிகள் காய்ந்து, எண் போட்டு, உறைக்குள் போய்விட்டன. ஒரு கல்வெட்டு அச்சேறும்போது அதை வாசித்தவர் பெயர் மேலே நிற்கும். வாசிக்கிற நிலைக்கு அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர்கள் பெயர் எங்கேயும் வராது. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

முதலில் நமக்கு முந்தியவர்கள். 1910இல் அருங்காட்சியகம் தொடங்கிய சமஸ்தானம் இது. 1929இல் சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1,130 எண்களோடு அச்சாகி வந்தது. கே. ஆர். சீனிவாச ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1941இலும் 1946இலும் இரண்டு பகுதிகளாக வெளியாயிற்று. இடையில் 1938 தொடங்கி சமஸ்தானக் கையேடும் வந்தது. சாலை இல்லாத நாளில் குன்றேறி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு படி எடுத்தவர்களின் உழைப்பு அந்த 1,130 எண்களுக்குள் இருக்கிறது. இன்றும் ஒரு கல்லைப் பார்த்தால் எங்கள் முதல் வேலை அந்தப் புத்தகத்தைத் திறப்பதுதான். அச்சானதையே 'புதிய கண்டுபிடிப்பு' என்று செய்தி கொடுக்கிற அவமானத்திலிருந்து எங்களைப் பலமுறை காத்தது அது.

அதைப் பயன்படுத்துவோர் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். பாடங்கள் அரச மரபுப்படி அடுக்கப்பட்டவை, ஊர்வாரியாக அல்ல. ஆகவே ஊரைத் தேடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் பொழுதுதான் போகும். அடுத்தது, அன்றைய சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று தாலுகாக்கள் மட்டுமே. 1974 ஜனவரி 14 அன்று மாவட்டம் உருவானபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது அறந்தாங்கிப் பகுதி. அங்குள்ள கல்லை 1929 புத்தகத்தில் தேடிவிட்டு 'பதிவாகவில்லை' என்று எழுதினால் பிழை. மத்தியக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம். அந்த அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்த நூலகப் பணியாளர்களுக்கு நன்றி.

அடுத்த நன்றி கண்மாய்க்காரர்களுக்கு. இந்த மாவட்டத்தில் பாதி வரலாறு நீருக்குள் நிற்கிறது. கண்மாயின் உள்வாயில், தண்ணீரைத் திறந்துவிடுவதற்காக நிற்கும் குமிழித் தூம்பின் கல் தூண்களிலும் குறுக்குச் சட்டத்திலும் எழுத்து இருக்கும். யார் தூம்பு செய்து வைத்தார், யாருடைய தன்மம் என்று இரண்டு மூன்று வரிகள். தண்ணீர் வற்றும் சித்திரை, வைகாசியில்தான் கிட்டப் போக முடியும். அப்போதும் மேலே காய்ந்த வெடிப்புச் சேறாகத் தெரிவது உள்ளே முழங்கால் வரை வாங்கும். எந்தப் பக்கம் தரை கெட்டி, எந்தப் பக்கம் கால் புதையும் என்று காட்டி, பனை மட்டைகளை வரிசையாகப் போட்டுப் பாதை செய்து கொடுத்தவர்களே, நீங்கள் இல்லாமல் ஒரு தூணையும் தொட்டிருக்க முடியாது. மீன்பிடிக்குத் தண்ணீர் வடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி.

இனி, நீர் சுமந்தவர்கள். மசிப்படி எடுப்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது போஸ்டர் ஒட்டுவது போல இருக்கும். கல்லைத் தென்னை நார்த் தூரிகையும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கம்பித் தூரிகையும் அமிலமும் கிட்டவே வரக் கூடாது. மேப்லித்தோ தாளை நனைத்துக் கல்லில் படியவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்றை வெளியே தள்ளி, பன்றிமுடித் தூரிகையால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும் வரை அடிக்க வேண்டும். கிழிந்த இடத்தில் சிறு ஈரத்தாளை வைத்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். தாள் முக்கால்வாசி உலர்ந்ததும் விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையைப் பஞ்சுப் பொதியில் தொட்டு, அந்தப் பொதியை முதலில் ஒரு பலகையில் தட்டிச் சமப்படுத்தி, பிறகுதான் தாளில் ஒற்ற வேண்டும். மேட்டில் மை ஏறும், பள்ளத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். மை பட்ட பக்கத்திலேயே நேராகப் படிக்கலாம்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். ஈரம் மிகுந்தால் மை எழுத்துக்குள் கசிந்து வரி முழுக்கக் கறுத்துவிடும். காய்ந்துவிட்டால் காற்றில் ஓரம் எழும்பித் தாள் நகர்ந்து, ஒரே எழுத்து இரண்டாக விழும். கண்மாய்க் கரையில் காற்று ஏறும் முன், காலை ஒன்பதுக்குள் ஒற்றி முடித்தாக வேண்டும் என்பதால்தான் விடிகாலையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினோம். கொண்டுவந்த நீரை வேட்டித் துணியில் வடிகட்டித் தந்தீர்களே, அது சின்னக் காரியம் அல்ல. தாளுக்கடியில் சிக்கும் ஒரு மணல் துகள் அடிக்கும்போது தாளைக் கிழிக்கும். கிழிக்காவிட்டால் புள்ளி போலப் பதிந்து, கல்லில் இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டும்.

தெய்வமாக வணங்கப்படும் நடுகற்களில் இன்னொரு சிக்கல், எண்ணெய். தலைமுறை தலைமுறையாகச் சாத்திய எண்ணெயும் மஞ்சளும் படிந்த கல்லில் ஈரத்தாள் நிற்காது, வழுக்கி விழும். அந்தக் கல்லை நாங்கள் தொடுவது முறையும் அல்ல. பங்காளிகளைக் கூட்டி வைத்துச் சம்மதம் வாங்கி, சீயக்காய்த் தூளும் வெந்நீரும் கொண்டு தாமே கழுவித் தந்து, படி எடுத்த பிறகு மறுபடி எண்ணெய் சாத்திக் கற்பூரம் காட்டிய பூசாரிகளுக்கு எங்கள் வணக்கம். ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. அந்தக் கல்லை மாலை வெயிலில் தள்ளி நின்று படம் மட்டும் எடுத்தோம். சாய்ந்த ஒளியில் பள்ளத்தில் நிழல் விழுவதால் பாதி வரிகள் தெரிந்தன. அதற்கும் நன்றிதான்.

சாய்ந்த ஒளிக்குச் சூரியன் வராத கருவறைச் சுவர்களில் டார்ச் பிடித்த பள்ளி மாணவர்களை மறக்க முடியாது. சுவரோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல விளக்கைப் பிடித்து, இடமிருந்தும் மேலிருந்தும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். நேருக்கு நேர் அடித்தால் எழுத்தே மறைந்துவிடும். கை வலித்தும் விளக்கை இறக்காத பிள்ளைகள். ஒரு வேண்டுகோளும் உண்டு: எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் அதன் மேல் எழுதாதீர்கள். பிறகு எடுக்கிற படத்தில் வருவது கல்லின் எழுத்தல்ல, நம் ஊகம்.

திருப்பணிக்காகப் பிரித்த ஒரு கோயிலில், அதிட்டானம் எனும் அடித்தளத்தின் கற்களைக் கழற்றும் முன்பே ஒவ்வொன்றின் படுகைப் பக்கத்திலும் வரிசை எண் போட்டு, சுவரின் வரைபடத்தில் அதே எண்ணைக் குறித்து வைத்த ஸ்தபதியாருக்கு என்ன சொல்வது? பல ஊர்களில் இது நடப்பதில்லை. கற்கள் இடம் மாறிக் கட்டப்பட்டு, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் சோழன் மெய்க்கீர்த்தியின் நடுவில் பாண்டியன் காலத்து நிலக்கொடை வந்து உட்கார்ந்திருக்கும். வரிசை குலையாமல் இருந்தால் 'திருமகள் போல' என்று தொடங்கும் கல்லைப் பார்த்ததும் முதலாம் இராசராசன் என்றும், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன் என்றும் பிடித்து, தொடர்ச்சியை அடுத்த கல்லில் தேடலாம். மணலை விசையோடு பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் மணல் வீச்சு வேண்டாம், தண்ணீரும் தூரிகையும் போதும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஆழம் குறைந்த எழுத்துகளை மணல் வீச்சு ஒரே நாளில் தேய்த்துவிடும் என்பது தெரிந்த பிடிவாதம் அது.

வாசிப்பில் உதவியவர்களில் கல்வெட்டு எழுத்து தெரியாதவர்களே அதிகம். கல்லில் ரகரமும் கால் குறியும் ஒன்றுபோல் இருக்கும். 'மகர' என்பதும் 'மகா' என்பதும் பார்வைக்கு வேறுபடாது. புள்ளி பெரும்பாலும் இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. மடைப் பெயரில் இப்படி இரண்டு வாசிப்பு வந்து நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, அந்த மடையின் இன்றைய பெயரைச் சொல்லி முடித்து வைத்தவர் ஆடு மேய்க்க வந்த அம்மா. புலப்படத்தை விரித்து, நான்கெல்லையில் வரும் வாய்க்காலும் வழியும் எந்தப் புல எண்ணில் இருக்கின்றன என்று தேடித் தந்த கிராம நிர்வாக அலுவலர்களும் அப்படியே.

நில அளவில் கைகொடுத்தது, முந்திரி என்ற சிறு பின்னத்தில் தொடங்கும் பழைய பின்ன வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொன்ன ஒரு முதியவர். நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இது கையில் இருந்தால் உடைந்துபோன ஓரத்தில் என்ன பின்னம் இருந்தது என்று கூட்டிக் கழித்துப் பிடிக்கலாம். துண்டு நிலங்களின் கூட்டும் முடிவில் சொல்லும் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? ஒத்துப்போகாத ஒரு கல்லில் பிழை எங்கள் வாசிப்பில் இருந்தது. காணிக் குறியை மா என்று எடுத்திருந்தோம்.

நூறு நாள் வேலையில் வரத்து வாய்க்கால் தூர்வாரும்போது, இறந்தவரை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியின் விளிம்பு தட்டுப்பட்டதும் மண்வெட்டியை நிறுத்திய பெண்களுக்கு நன்றி. இழுத்து வெளியே எடுக்கவில்லை, உள்ளே கைவிட்டுத் துழாவவில்லை. பக்கத்தில் அரிவாளை வைத்து அளவு தெரியப் படம் எடுத்து, சாக்கு போர்த்தி மண் மூடி, நிர்வாக அலுவலருக்குச் சொல்லி அனுப்பினார்கள். எது எதனோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பது கலைந்தால் தாழி வெறும் பானைதான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதும் அவர்கள் மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது.

செப்பேடும் ஓலையும் வைத்திருக்கும் வீட்டாருக்கு: படம் எடுக்க விட்டதற்கும், புளி போட்டுத் துலக்காமல் காட்டியதற்கும் மிக்க நன்றி. துலக்கிய ஏடு பளபளக்கும், மெல்லிய கீறல்கள் போய்விடும். ஓலைகளுக்குக் கொடுத்த எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லிய துணியால் தொட்டுத் தடவினால் போதும். வெயிலில் காய வைக்க வேண்டாம், கட்டுக் கயிற்றை இறுக்க வேண்டாம்.

யார் பெயரையும் இங்கே போடவில்லை. செப்பேடு இருக்கும் வீடு எது என்று ஊருக்குத் தெரிந்தால் விலை பேச ஆள் வந்துவிடும். நடுகல்லின் சரியான இடத்தைச் சொன்னால் அடியில் புதையல் தேடித் தோண்டுகிறார்கள். உங்கள் பெயர்கள் அந்தந்தப் படியின் பின்பக்கத்தில், ஊர், இடம், நாள், தாளின் வரிசை எண் இவற்றோடு பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவும், பென்சில் நிற்கும். விடுபட்டவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், உறைகளை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பிரித்துக் காற்றாட வைக்கும்போது சேர்த்துவிடுகிறோம்.