வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மோட்டார் பந்தய ஆர்வலர் சங்கம் செய்ததையும், செய்ய முடியாமல் போனதையும் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு அஞ்சலி. தொட்டப்பாளையத்தில் டிங்கர் பட்டறை வைத்திருந்த நம் மூத்த உறுப்பினர் கடந்த நவம்பரில் காலமானார். இளம் வயதில் வேலூரிலிருந்து லாரி பிடித்துப் போய்ச் சோழவரத்தில் ரேஸ் பார்த்தவர் அவர். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி நடந்த பந்தயங்களைப் பற்றி அவர் பேசினால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்த கதையை அவரைப் போல யாரும் சொல்ல முடியாது. "நம்ம பட்டறைக்கு வர்ற அதே மூணு சிலிண்டர், அதே 796 சிசி எஞ்சின்டா" என்பார். அந்த ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். ஐயாவின் நினைவாக அனைவரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் 46 பேராக இருந்த நாம் இப்போது 63 பேர். இவர்களில் 27 பேர் 18 வயது நிரம்பாத மாணவ உறுப்பினர்கள், அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். கடந்த ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த வாரத்தில் மட்டும் ஒன்பது பேர் படிவம் வாங்கிப் போனார்கள். அவர் 2003இலேயே ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா தொடரில் ஓட்டியவர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. சினிமாவைப் பார்த்து வந்தாலும் சரி, வந்த பிள்ளை தங்கிவிட்டால் போதும் என்பது என் எண்ணம். செயற்குழு ஏழு முறை கூடியது. சத்துவாச்சாரியில் கடைக்கு மேலே உள்ள அறைக்கு வாடகை உயரவில்லை. இடம் கொடுத்தவருக்கு நன்றி.

அந்த அறையின் சுவரில் பிள்ளைகள் ஓர் ஏணிப்படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். கீழ்ப்படி கார்ட்டிங், அதாவது கூரையில்லாத சின்ன கார்ட் வண்டிகளின் பந்தயம். அதற்கு மேல் 15 வயதில் ஏறக்கூடிய ஃபார்முலா 4. அப்புறம் ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. ஒவ்வொரு படியிலும் ஆசியத் தொடர்களில் ஜெயித்து மேலே போனவர்களின் பெயர். 1996இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. ஒன்பது ஆண்டு கழித்து 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1க்குப் போன முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2001இல், 17 வயதில், ஃபார்முலா 2000 ஆசியா பட்டம் வென்றார். 2006இல் ஃபார்முலா ரெனோ வி6 ஆசியாவிலும் அவரே சாம்பியன். 2010இல் ஃபார்முலா 1. இந்தோனேசியாவின் ரியோ ஹர்யாந்தோ 2009இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ பசிபிக் பட்டம் வென்று 2016இல் அங்கே போய்ச் சேர்ந்தார். யூகி சுனோடா 2018இல் ஜப்பான் ஃபார்முலா 4 சாம்பியன். சீனாவின் ஜோ குவான்யூ 2021இல் ஆசிய ஃபார்முலா 3 சாம்பியன், மறு ஆண்டே ஃபார்முலா 1. அந்த 2021 தொடரில் மூன்றாம் இடம் பிடித்தவர் மும்பையின் ஜெஹான் தாருவாலா.

இதில் நம் பிள்ளைகளை அதிகம் ஈர்த்தது மும்பை ஃபால்கன்ஸ் அணி. 2022இல் ஆசிய ஃபார்முலா ரீஜனல் பட்டத்தை ஆர்தர் லெக்லேர் வென்றதும், 2023இல் அதே தொடர் மத்தியக் கிழக்கு என்று பெயர் மாறியபோது ஆன்ட்ரியா கிமி ஆன்டொனெல்லி வென்றதும் இந்த இந்திய அணியின் காரில்தான். 2023இல் துபாயிலும் குவைத்திலும் அபுதாபியிலும் நடந்த தொடர் அது. நம்மவர்கள் வேலைக்குப் போகிற ஊர்கள். 2025 மார்ச்சில் அந்த ஆன்டொனெல்லி தன் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தில் மெல்போர்னில் நான்காவதாக வந்தார், வயது 18. அன்று காலை நம் அறையில் இருந்த பிள்ளைகள் ஏதோ பக்கத்துத் தெருப் பையன் ஜெயித்ததைப் போலக் கத்தினார்கள். அவருடைய பழைய அணியின் பெயரில் மும்பை இருந்தது, அவ்வளவுதான் காரணம். அது போதுமானதாக இருந்தது.

பெங்களூரின் குஷ் மைனியையும் சொல்ல வேண்டும். அவரும் 2021இல் அதே மும்பை அணியில் ஆசிய ஃபார்முலா 3 ஓட்டியவர். 2024 ஜூலையில் ஹங்கேரியில் ஃபார்முலா 2இன் ஸ்பிரின்ட் என்னும் குறும் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தொழில்நுட்ப விதிமீறலால் நீக்கப்பட்டதால் வெற்றி இவருக்கு வந்தது. அது முழு வெற்றியா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம். விதிப்படி கார் வைத்திருப்பதும் பந்தயத்தின் ஒரு பகுதி என்று நான் சொன்னேன், பாதிப் பேர் ஏற்கவில்லை. அறிக்கைக் காலம் மார்ச்சோடு முடிந்தாலும் ஒன்றைச் சேர்க்க அனுமதி கேட்கிறேன். 2025 மே 24 அன்று மொனாக்கோவில், முந்துவதே கடினம் என்று பெயர் எடுத்த அந்தத் தெருக்களில், குஷ் மைனி முன்னால் தொடங்கி முன்னாலேயே முடித்தார். மொனாக்கோவில் ஃபார்முலா 2 பந்தயம் வென்ற முதல் இந்தியர். இந்த முறை யாரும் வாக்குவாதம் செய்யவில்லை.

இனி இந்த ஆண்டின் முக்கியமான நிகழ்ச்சி. இந்தியன் ஃபார்முலா 4 சீசன் ஆகஸ்டு இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கியபோது 22 பிள்ளைகளையும் எட்டுப் பெரியவர்களையும் ஒரு பேருந்தில் கூட்டிப் போனோம். வாகனச் செலவை ஏற்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டினார்கள். விடியற்காலை நாலரைக்குக் கிரீன் சர்க்கிளில் ஏறினோம். வாலாஜா, காவேரிப்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று அதே பெங்களூர் சாலைதான். ஆறு வழிச் சாலை வேலைக்காக வெட்டிப் போட்ட இடங்களில் பேருந்து ஊர்ந்தாலும் எட்டு மணிக்குள் சேர்ந்துவிட்டோம். நூறு கிலோமீட்டர் தூரத்தில், ஊருக்கு வெளியே ஓடும் அதே சாலையின் ஓரத்தில், 1990 முதல் ஒரு சர்வதேசப் பந்தயத் தளம் இருக்கிறது. வந்திருந்த 22 பிள்ளைகளில் மூன்று பேர்தான் அதை முன்பு பார்த்திருந்தார்கள்.

3.7 கிலோமீட்டர் டிராக். கார்களைத் தயார் செய்யும் பிட்டிலிருந்து முதல் கார் வெளியே வந்தபோது சிறு பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், பெரியவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். காட்பாடியிலிருந்து வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இரண்டும் செய்யவில்லை. நேர்ச்சாலை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் கம்பி வேலியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கார் பிரேக் பிடிக்கும் இடத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். மதியம் என்னிடம் வந்து, "அண்ணா, அந்த நீலக் கார் லேப்புக்கு லேப் கொஞ்சம் முன்னாடியே பிரேக் பிடிக்குது. டயர் போயிடுச்சா, பயந்துட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிட் பக்கம் அனுமதி வாங்கித் தந்த மெக்கானிக்கிடம் அவளையே கேட்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கழற்றி வைத்திருந்த ஒரு டயரைப் புரட்டி, உள்விளிம்பில் ரப்பர் மணிமணியாகச் சுருண்டிருந்த இடத்தைக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றார். கோடு இல்லாத வழுவழுப்பான டயர். சூடு இன்னும் ஆறாமல் வெல்லப்பாகு போல விரலில் ஒட்டியது. அந்தப் பெண் ஒரு ரப்பர்த் துணுக்கைக் கேட்டு வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். இன்னும் அதில்தான் இருக்கிறது.

அவளுக்காகத்தான் செப்டம்பரில் ஜேமி சாட்விக் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். எம்ஆர்எஃப் டயர் நிறுவனம் நடத்திய எம்ஆர்எஃப் சேலஞ்ச் கார் பந்தயத் தொடரின் 2018–19 பட்டத்தை இதே இருங்காட்டுக்கோட்டையில் வென்ற பெண். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண்ணும் அவரே. அதற்கு முந்தைய சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச் பின்னாளில் ஃபார்முலா 2 சாம்பியன் ஆனார். ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கரும் அந்தத் தொடரில் இங்கே ஓட்டியிருக்கிறார். அரக்கோணம் இச்சிபுத்தூரில் உள்ள எம்ஆர்எஃப் டயர் ஆலையில் வேலை செய்யும் இரண்டு தகப்பன்மார் நம் உறுப்பினர்கள். அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சில் இருந்த பெருமையை நான் எழுதிக் காட்ட முடியாது.

ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 சென்னைத் தீவுத்திடல் இரவுப் பந்தயத்துக்கு 11 பேர் போனோம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. சனிக்கிழமை மழை ஒரு பக்கம், டிராக்குக்குச் சர்வதேச அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதம் ஒரு பக்கம். காத்திருந்து களைத்துப் பாதிப் பேர் ரயில் ஏறிவிட்டார்கள். மறுநாள் இருந்தவர்கள், நாம் ஆட்டோவில் போகிற சாலையில் விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தார்கள். இந்தியாவில் இரவில் நடந்த முதல் தெருப் பந்தயம் அது.

திரும்பி வந்ததும் ஒரு பையன் கேட்டான்: 2023இல் இந்தியன் ஃபார்முலா 4இன் முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர் ஏன் வென்றார், நம் ஆள் ஏன் இல்லை? நியாயமான கேள்வி. அங்கே ஏழெட்டு வயதிலேயே கார்ட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு சீசன் ஓட்ட ஆகும் செலவு நம்மில் யாருடைய வீட்டையும் விற்றாலும் தீராது. இதை நான் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. ஆனால் ஒரு காரில் ஒரே ஒருவர்தான் உட்கார முடியும். அவரைச் சுற்றி மெக்கானிக், டயர் பார்ப்பவர், கணினியில் வேகக் கணக்குப் பார்க்கும் இன்ஜினியர், வளைவுகளில் கொடியோடு நிற்கும் மார்ஷல் என்று எத்தனை பேர் வேண்டும்! இந்தச் சாலையோரத்துப் பிள்ளைகள் அந்த வேலிக்கு உள்ளே போக வேண்டும். இந்தச் சங்கத்தை நான் நடத்துவதே அதற்காகத்தான். நம் உறுப்பினர்களில் நான்கு பேர் இந்த ஆண்டு மார்ஷல் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே மஞ்சள் கொடி பிடித்து நின்றுவிட்டார்கள்.

தாய்மார்களின் பயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அந்தச் செய்தியை வைத்து இரண்டு வீடுகளில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நான் போய் வாதாடவில்லை. ஃபார்முலா 4 காரில் ஓட்டுநரின் தலையைக் காக்க மேலே ஹேலோ என்னும் வளையம் இருக்கிறது, டிராக்கில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் இல்லாமல் பந்தயம் தொடங்காது என்று மட்டும் சொன்னேன். ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய். அதைவிடப் பெரிய ஆபத்து நம் கண்ணெதிரே பாலாற்றுப் பாலத்திலும் பெங்களூர் சாலையிலும் இரவு பதினொரு மணிக்கு மேல் ஓடுகிறது. அப்படிப் பொதுச் சாலையில் பைக் பந்தயம் விட்ட நம் உறுப்பினர்கள் இருவரைப் பிப்ரவரியில் நீக்கினோம். ஒருவன் எனக்கு மிகவும் வேண்டிய வீட்டுப் பிள்ளை. அந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு, தயக்கம் இல்லை.

ஒரு தோல்வியையும் கணக்கில் சொல்ல வேண்டும். பழைய கார்ட் ஒன்றை வெளியூரில் ரூ. 38,000க்கு வாங்கினோம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல், ஓட்டிக் காட்டியதை மட்டும் நம்பினோம். மூன்றாம் நாள் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை. மெக்கானிக்குகள் நிறைந்த சங்கத்தில் இது நடந்திருக்கக் கூடாது. பொறுப்பு என்னுடையது. அந்த எஞ்சின் இப்போது அறையில் பிரித்த நிலையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் பிள்ளைகள் அதை அளந்து, வரைந்து, சேர்த்துப் பழகுகிறார்கள். புது பிஸ்டன் செட் வாங்கித் தருவதாகக் காகிதப்பட்டறை உறுப்பினர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு கையிருப்பு குறைந்ததற்குக் கார்ட் வாங்கியதும் பேருந்துக் கட்டணமுமே காரணம். சந்தாவை உயர்த்தும் எண்ணம் இல்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கு அடுத்த பயணத் தேதியைப் போட்டி அட்டவணை வந்ததும் அறிவிப்போம். வர விரும்பும் பிள்ளைகள் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கடையில் கொடுக்கலாம். இந்த முறை இரண்டு பேருந்து வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்