பங்குச் சுற்றுச்சூழல் குழு, கடலூர்: ஆண்டறிக்கை (ஜூன் 2024 – மே 2025)

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது முறை கூட்டம் போட்டோம். அதில் மூன்றுக்கு ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

செப்டம்பர் 1 முதல் புனித பிரான்சிஸ் அசிசியார் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம், அதாவது கடவுள் படைத்த இயற்கைக்காக மன்றாடும் நாட்கள். ஞாயிறு மன்றாட்டில் ஒரு வேண்டுதல் சேர்த்ததோடு, கெடில ஆற்றங்கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். பனையின் முளை முதலில் கீழேதான் இறங்கும். மழைக்கு முன் ஊன்றிவிட்டால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு கொட்டையைத் தோண்டியே காட்டினார். வெள்ளம் அரித்தது போக மிஞ்சியதை இனிமேல்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது நமக்குப் பெருமை தராத சங்கதி. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு முடிந்த மறுநாள் ஜிகினா மாலை, நைலான் நூல், மெழுகுவர்த்திக் கப், பூ வாங்கி வந்த கேரிபேக் எல்லாவற்றையும் கூட்டி மதில் ஓரம் குவித்தோம். அள்ள வண்டி வரவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தவறு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வருகிறது என்று ஊரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லறைத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றதற்கோ ஆறு காரணமில்லை. வடிகாலுக்குள் கைவிட்டு இழுத்தால் ஜிகினா, இழுக்க இழுக்க வந்தது. அந்தத் தெருவில் பெரும்பாலோர் நம் கோயிலுக்கு வராதவர்கள். ஒரு அம்மா நிதானமாகத்தான் சொன்னார்: "உங்க சாமி பூவெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வந்துருக்கு, பாருங்க தம்பி." ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரைக் கடவுள் வைத்தார் என்று செப்டம்பரில் பீடத்தில் நின்று வாசித்தவனும் நான்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை தேவனாம்பட்டினம் கரையில் வனத்துறை ஆட்களோடு சில இரவுகள் ஆமை முட்டை தேடி நடந்தோம். "கோயில் வேலை கிடக்க, ஆமை வேலையா?" என்று பேரவையில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல், குஞ்சு விடும் நாளில் அவரையே கூட்டிப்போனோம். பங்குனி ஆமைக் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். கடல் மினுக்கத்தை விட்டுத் தெருவிளக்கை நோக்கிப் போனால் பிழைக்காது. உள்ளங்கையில் அடங்குகிற ஒன்று அவர் டார்ச்சை நோக்கித் திரும்பியது. யாரும் சொல்லாமலே அணைத்துவிட்டார். அதே ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் இழுக்கும் இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாது. நம் பங்கிலும் விசைப்படகுக் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளியாக்காமல் உட்கார்ந்து பேச வேண்டும், இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். பூமியைக் காப்பது பற்றி அவர் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலுக்கு மே 24 அன்று பத்தாண்டு நிறைந்ததையொட்டித் திருப்பலி வைத்தோம்.

வரும் நவம்பர் 2 காலை ஆறு மணிக்கே கல்லறை வாசலில் சாக்கோடு நிற்போம். ஜிகினா மாலையை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வோம். யாரும் கோபிக்க வேண்டாம். நைலான் இல்லாத நூலில் கட்டிய பூவும் அகல் விளக்கும் தாராளமாக உள்ளே போகலாம். வண்டிக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்