பிளாப்பியும் பாமினியும்

அட்டன்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஓ.எல். பரீட்சையில் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கணக்கில் ஏ எடுத்தது உன் வழியாக வந்திருக்க நியாயமில்லை, தங்கச்சிக்குத்தான் வாழ்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஒரே மழை. துணி காயவில்லை, சுவர் வியர்க்கிறது, கினிகத்தேனைப் பக்கம் மண் சரியும் என்ற பயத்தில் கடைசி பஸ்ஸும் நேரத்தோடேயே கிளம்பிவிடுகிறது. மற்றபடி சுகம்.

இனி உன் கேள்வி. "பழைய சாஃப்ட்வெயரெல்லாம் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்குது, நீ ஏன் வேலைமெனக்கெட்டு பிளாப்பியில் பூசணம் துடைச்சிக்கிட்டு இருக்கே?" என்று கேட்டிருந்தாய். நக்கல் என்று தெரிகிறது. ஆனாலும் பதில் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் நீளும்.

நாம் வேலை பார்த்த டைப்செட்டிங் கடையை மூடியபோது, ஒரு பிஸ்கட் டின் நிறைய பிளாப்பிகளைக் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். லேபிள்களில் பாதி உன் கையெழுத்து: 'தேர் நோட்டீஸ்', 'சங்கம் மே தினம்', 'கல்லூரி மலர் 2ஆம் புரூப்', 'மரண அறிவித்தல் பழசு'. 2023இல், மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நேரம் ஊரெல்லாம் பழைய நோட்டீஸ், பழைய மலர், பழைய படம் என்று தேடினோம். தோட்டத்து லயன் வீட்டு ஒழுக்குக்கும் கறையானுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். அச்சடித்த தாள் போனாலும் தாளை அடித்த கோப்பு எங்காவது கிடக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிளாப்பியின் தகரக் கதவை விரலால் தள்ளிப் பார். நல்ல தட்டு கரும்பழுப்பாய் பளபளவென்று இருக்கும். நம்ம ஊர்த் தட்டில் வெள்ளை வெள்ளையாய், வட்டம் வட்டமாய்ப் படர்ந்திருக்கிறது. அப்படியே டிரைவில் போட்டால் பூசணம் தட்டைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டும், ஹெட் தட்டைச் சுரண்டும், அடுத்துப் போடுகிற நல்ல தட்டும் நாசமாகும். அதனால் முதல் வேலை, மூலையில் இருக்கிற சின்னக் கட்டையைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிடுவது; இனி யாரும் அதில் எதையும் எழுத முடியாது. பிறகு பின்பக்கத்து உலோக மையத்தைக் கையால் திருப்பித் திருப்பி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைக்க வேண்டும். காய வைக்கத்தான் இடமில்லை. அடுப்படி அலுமாரி மேலே பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து உன் தங்கச்சி முணுமுணுக்கிறாள்.

படிப்பதற்கு, டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே செருகுகிற கிரீஸ்வீசல் என்று ஒரு சின்ன போர்ட் வாங்கினேன். சாதாரண டிரைவ் படிக்க முடிந்தால் படிக்கும், முடியாவிட்டால் பிழை என்று கைவிரிக்கும். இந்த போர்டுக்குக் கோப்பு, பெயர் எதுவும் தெரியாது. தட்டு சுற்றும்போது காந்தம் எந்தெந்தக் கணத்தில் திசை மாறுகிறது என்பதை மட்டும் குறித்துத் தரும். ஒரே தடத்தைப் பல சுற்று படித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். ஆக 1,474,560 பைட். கல்லூரி மலர் முழுசாக வந்துவிட்டது. மரண அறிவித்தல் தட்டில் வெளி ஓரத்துத் தடங்கள் போய்விட்டன. கோப்புப் பட்டியல் இருப்பதே அங்கேதான். உள்ளே யார் யாருடைய அறிவித்தலோ இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்று நானே தோண்டிப் பார்க்க வேண்டும்.

சரி, கோப்பு கிடைத்தது. திறக்க வேண்டுமே. எல்லாம் பேஜ்மேக்கர் 5, நாம் பக்கம் வடிவமைத்த புரோகிராம். அதைச் செய்த ஆல்டஸ் கம்பனியை 1994இல் அடோபி வாங்கியது, 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் கதை முடிந்தது. அந்தக் காலத்து 16 பிட் புரோகிராமை இன்றைய 64 பிட் விண்டோஸ் தொடவே தொடாது. ஆகவே பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற 86பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் ஒரு 486 மெஷினைக் கட்டி, அதில் டாஸ் என்ற பழைய இயங்குதளம், அதற்கு மேல் விண்டோஸ் 3.1, அதற்கு மேல் பேஜ்மேக்கர், கடைசியாகப் பாமினி எழுத்துரு. ஒன்று குறைந்தாலும் தேர் நோட்டீஸ் வெறும் கிறுக்கல்தான்.

பாமினி உன் விரலில் இன்னும் இருக்கும். ஆங்கில எழுத்துகள் இருக்கிற இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. கோப்புக்குள் போய்ப் பார்த்தால் தமிழே கிடையாது. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளேன் என்பாய். மாற்றுகிற கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பாமினியில் நாம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டினோம்: 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால். யூனிகோடில் ககரம்தான் முதலில், குறி அதற்குப் பின்னால். வரிக் கடைசியில் கொம்பு மட்டும் தனியாக நின்று எழுத்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் கருவி தடுமாறுகிறது. இதையாவது கையால் திருத்தலாம். நம் கடைக்குக் கொழும்பிலிருந்து வந்த பாமினியில் யாரோ கைவைத்து ஸ்ரீயையும் பிள்ளையார் சுழியையும் வேறு விசைக்கு மாற்றியிருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? இன்டர்நெட்டில் கிடைக்கிற பாமினியைப் போட்டால் அம்மன் பெயருக்கு முன்னால் சதவீதக் குறி வந்து நிற்கிறது. தேர் நோட்டீஸில் எத்தனை ஸ்ரீ இருக்கும் என்று நீயே யோசி. நம்ம பாமினி அந்த டின்னுக்குள், ஒரு தட்டில்தான் இருந்தது. பூசணம் துடைத்ததற்கு எனக்கு அது ஒன்றே போதும்.

மற்றதெல்லாம் இன்டர்நெட்டில்தான் கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதுவும் தானாகக் கொட்டிக் கிடக்கவில்லை மச்சான். சிம்டெல் என்று ஒரு பெரிய சேகரிப்பு இருந்தது. டாஸ் காலத்து இலவசப் புரோகிராம், பாவித்துப் பார்த்துப் பிறகு காசு கொடுக்கிற ஷெயர்வெயர் எல்லாம் அங்கேதான். அது இருந்தது எங்கே தெரியுமா? நியூ மெக்சிகோவில், அமெரிக்க ராணுவத்தின் வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துக் கம்ப்யூட்டரில். 1993இல் ராணுவம் அதை நிறுத்தியபோது வால்நட் கிரீக் சீடிரோம் என்ற கம்பனி எடுத்துக்கொண்டது. பிறகு கைமாறி, 2013இல் மூடியே விட்டார்கள். ஓஎஸ்/2 என்ற இன்னொரு பழைய இயங்குதளத்துக்கு ஹாப்ஸ் என்று ஒரு சேகரிப்பு நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 2024 ஏப்ரல் 15ஆம் திகதி அதற்கும் பூட்டு. அந்த மாநிலத்துக்கு என்ன ராசியோ. ஹாப்ஸ்காரர்கள் முன்கூட்டியே அறிவித்ததால் ஆட்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்தார்கள். ஆட்கள் இலவசமாக இணையப் பக்கம் போட்டுவந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியபோது ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர்கள் எடுத்தவரை எடுத்தார்கள், எடுக்காதது போனதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வால்நட் கிரீக் சிம்டெல் கோப்புகளை சீடியில் அடித்து விற்றது. வாங்கியவர்கள் அலுமாரியில் போட்டு மறந்தார்கள். சேகரிப்புகளில் ஓட்டை விழுந்த இடங்களை இன்று அந்த மாதிரி மறந்துபோன சீடிகளை வைத்துத்தான் அடைக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் கள்ளச் சீடி விற்றவர்கள். குற்றம்தான், மறுக்கவில்லை. என் கணக்கில் அவர்களும் ஒருவகை நூலகர்கள்.

நீ பயப்படுகிற சட்ட விஷயமும் எனக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவர் இறந்து 70 வருஷம் வரை ஓடும். கைவிட்ட சாஃப்ட்வெயர் என்று ஒரு வகையே சட்டத்தில் கிடையாது. மைக்ரோசாஃப்ட் டாஸ் 1.25, 2.0 இரண்டின் மூலநிரலை 2014இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியே விட்டது, 2024இல் 4.00ஐயும் கொடுத்தது. மற்றவர்களுக்கும் அந்த மனம் வந்தால் நல்லது. அதுவரை பேஜ்மேக்கரை நான் எங்கேயும் ஏற்றப் போவதில்லை, என் மெஷினோடு இருக்கட்டும். தேர் நோட்டீஸ், மலர் எல்லாம் உரியவர்களிடம் கேட்டு, பீ.டி.எப். ஆக்கி, மூலக் கோப்பையும் சேர்த்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று எண்ணம். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்தை ஸ்கேன் செய்து வைப்பவர்கள். கொடுத்தால் ஒழுங்காக வைப்பார்கள்.

அங்கே கொடுத்தாலும் இங்கே ஒன்று, உன் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் எவ்வளவு பெரிய இடம்! 1996இலிருந்து நடக்கிறது. அதையே 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் அடித்து, 3 கோடியே 10 லட்சம் கணக்குகளின் விபரம் போய், நாட்கணக்கில் திறக்க முடியாமல் கிடந்தது.

கோப்போடு குறிப்பும் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். டாஸில் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின்னால் மூன்று. அதற்குள் யார் என்ன சொல்ல முடியும்? எந்தக் கடை, எந்த வருஷம், எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பக்கத்திலேயே கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 செக்சம்மையும் போட்டு வைக்கிறேன். பிரதி எடுக்கும்போது ஒரு பைட் மாறினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது உன் தலையில் கட்டப்போகிற வேலைக்கு வருகிறேன். டின்னில் இன்னொரு தட்டு: 'செக்ரோல், எஸ்டேட் டெமோ'. தோட்டத்து ஆட்களின் வேலைநாள் பதிகிற செக்ரோலுக்கு நீ கிளிப்பர் என்ற புரோகிராம் மொழியில் எழுதியது! அதன் டேட்டா இருக்கிற டிபிஎப் கோப்புகள் லிப்ரெஆபீஸில் சட்டென்று திறந்துகொண்டன. நெடுக நாள், எதிரே 1, 2, 3, 7. இதில் எது முழுப்பேர் (முழுநாள் வேலை), எது அரைப்பேர் (அரைநாள்), எது சுகவீன லீவு? கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அது உன் புரோகிராமுக்குள் இருக்கிறது. தட்டில் இருப்பதோ கம்பைல் செய்த எக்ஸ்இ மட்டும். சேவைக்காலத்தைக் காட்ட முடியாமல் ஈ.பி.எப். சேமலாப நிதிப் பணத்துக்கு அலைந்த ஆட்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருப்போம். இந்த மாதிரித் தட்டு வேறு எந்த எஸ்டேட் அலுமாரியிலாவது கிடந்தால், அந்த 7க்கு அர்த்தம் தெரிந்த ஆள் இன்று நீ ஒருவன்தான். உன் பழைய பெட்டியில் மூலநிரல் இருக்கிறதா என்று தேடு. இல்லாவிட்டால் ஞாபகம் இருக்கிறதை ஒரு தாளில் எழுதி அனுப்பு. டெமோவில் உண்மையான ஆட்களின் பெயரும் நம்பரும் போட்டிருக்கிறாய், படுபாவி. அதை நான் வெளியே விட மாட்டேன். புரோகிராம் மட்டும் போகும், டேட்டா என்னோடு நிற்கும்.

இன்னொன்று. இங்கே டிரைவ் ஒன்று சாகக் கிடக்கிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கிற இடத்திலோ மூன்றரை அங்குல டிரைவ் கிடைத்தால் வாங்கு. யூ.எஸ்.பி.யில் செருகுகிறது வேண்டாம், கிரீஸ்வீசலோடு அது வேலை செய்யாது. மெஷினுக்குள்ளே பூட்டுகிற பழைய ரகம், 34 பின் பட்டைக் கேபிளோடு. இரண்டு கிடைத்தால் இரண்டையும் எடு. காசைப் பிறகு பார்த்துக்கொள்வோம். ஊர்ப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடு, தபாலில் போடாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

உன்
அட்டன் மச்சான்