கல்லறை வளைவில் பிறந்த வண்ணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஓவியம் என்றாலே பாரிஸோடு நின்றுவிடுகிறோம். ஹங்கேரியின் இலோனா கெஷெரூவைப் பற்றி உங்கள் கலைப் பக்கத்தில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

1933-இல் பேச் நகரில் பிறந்தவர் இவர். 1960-களில், பாலாட்டோன் ஏரிக்கரையிலுள்ள பாலாட்டோனுட்வரி என்ற ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், இதய வடிவில் செதுக்கிய சுண்ணாம்புக் கற்களைக் கண்டார். அவற்றின் மேல்விளிம்பு வளைவு பிறகு அவர் கையை விட்டு அகலவே இல்லை. அலை அலையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சில படைப்புகளில் கேன்வாஸையே தைத்து, புடைக்க வைத்து, அந்த வளைவுக்கு உடம்பு கொடுத்திருக்கிறார். ஆரஞ்சும் சிவப்பும் இளஞ்சிவப்பும் அருகருகே நின்று அதிர்கின்றன! வானவில் நிறங்களோடு மனிதத் தோலின் நிறங்களைச் சேர்த்து அவர் செய்த சோதனைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. சாவுக்காக நட்ட கல்லில் இவ்வளவு உயிர்ப்பை ஒருவர் கண்டெடுத்தது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

கட்டுரை வெளியிட்டால் படங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டுவிடாதீர்கள். அவர் ஓவியத்தில் நிறம் போனால் பாதி போய்விடும்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை